பாலத்தின் கண்ணும் காரின் ஸ்ட்ரட்டும்

(திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு மாடி அறையில், கார் வைத்திருப்பவர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் இளம் மெக்கானிக்குகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் காது கொடுங்கள். கீழே சத்திரம் பேருந்து நிலையம். ஒன்றாம் நம்பர் பஸ் ஸ்ரீரங்கத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் கார்கள் ஒவ்வொன்றாக, ரோட்டில் வெட்டி மூடிய அந்த மேட்டைத் தாண்டிப் போகின்றன. "டுப்" என்று ஒரே ஒரு சத்தம் வந்து அடங்கினால் அந்த வண்டி நன்றாக இருக்கிறது. "டொக்... டொக்டொக்" என்று தட்டிவிட்டு, உடம்பு இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டே போனால், அந்த வண்டியின் முன்பக்க ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பர் தூண், செத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால் அவர் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது.

மேசை மேல் இரண்டு ஸ்ட்ரட் வைத்திருக்கிறேன். ஒன்று புதிது. இன்னொன்று என் காரிலிருந்து கழற்றியது. அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் என்பதால் சில இடங்களில் வகுப்பு வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய ஸ்ட்ரட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்கு முன்பு, ஒரு ஐப்பசி மாத மழை. ஸ்ரீரங்கத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு நானும் என் மனைவியும் மாம்பழச்சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. பாலத்தில் எனக்கு முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்த இடத்தில்தான் பாலத்தின் இணைப்பு, அதாவது இரண்டு கண்கள் சேரும் அந்த வெடிப்பு. முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு பெடலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. வண்டி கத்திக்கொண்டே வழுக்கிப் போய் ஆட்டோவின் பின்புறத்தைத் தொட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஆட்டோவின் பின் சீட்டிலிருந்து ஒரு குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது. அந்த முகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

பிரேக்கில் குறை இல்லை. டயரும் புதிது. அதற்கு மூன்று மாதத்துக்கு முன் சர்வீஸ் விட்ட இடத்தில் ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிகிறது என்று காட்டினார்கள். "ஓடுற வரைக்கும் ஓட்டுங்க சார், கொஞ்சம் தூக்கிப் போடும், வேற ஒண்ணுமில்ல" என்றார்கள். பாடம் நடத்திய நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். "தூக்கிப் போடும், வேறு ஒன்றுமில்லை" என்ற அந்த நினைப்பை உங்கள் மனதிலிருந்து எடுப்பதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

இந்த நினைப்புக்குக் காரணம் பெயர். நாம் ஷாக் அப்சார்பர் என்கிறோம், பட்டறையில் ஷாக்கப் என்கிறோம். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது என்று அர்த்தம். உண்மையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அது நம் ஊருக்குப் பழைய சங்கதி. வசதியானவர்கள் வைத்திருந்த வில்வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்தார்கள். வில் போல வளைந்து கொடுப்பதால் அது வில்வண்டி. மேட்டில் சக்கரம் ஏறினால் வில் அமுங்கும், உள்ளே இருப்பவர் இடுப்புக்கு அடி விழாது. ஆனால் அமுங்கிய வில் சும்மா இருக்குமா? வாங்கிய அடியைத் திருப்பித் தரும். வண்டி மேலே எழும்பும், மறுபடி அமுங்கும், மறுபடி எழும்பும். மாட்டின் நடை வேகத்தில் இதனால் ஆபத்து இல்லை. அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு அது போதாது. அங்கே ஆட்டத்தை அடக்க ஒருவர் வேண்டும். அவர்தான் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் வாங்கி வைத்த சக்தியைத் தன் எண்ணெயில் வாங்கிச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவார்.

இதை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம்பெருமாள் புறப்பாட்டை இரண்டு கண்ணாலும் பார்த்தவர்கள் நீங்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் பெருமாளைத் தோளில் ஏந்தி வருகிற நடையழகுக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் காலை அடுத்த முறை கவனியுங்கள். பாதம் தரையில் பதியும்போது முழங்கால் சட்டென்று மடிந்து கொடுக்கும். நிமிரும்போது நிதானமாக நிமிரும். கீழே இத்தனை அசைவு நடக்க, மேலே குடையின் தொங்கல் அலுங்காது. ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் வால்வுகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அமுங்கும்போது எண்ணெய்க்குக் கொஞ்சம் தாராளமாக வழி விடும். விரியும்போது வழியைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே இருப்பது அவ்வளவு பெரிய சூட்சுமம் இல்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயில் எண்ணெயும், சிறு துளைகளும் வால்வுகளும் உள்ள பிஸ்டனும். வெளிக்குழாயின் மேல்பகுதியில் கொஞ்சம் நைட்ரஜன் வாயு. வேகமாகக் குலுங்கும்போது எண்ணெய் நுரைத்துவிடாமல் அந்த வாயுவின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். பிஸ்டனின் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல். வேலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். ஒரு கிலோமீட்டர் போக 100 விநாடி. காரின் உடம்பு ஸ்பிரிங்கின் மேல் ஆடுவது விநாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை. சக்கரம் துள்ளுவதோ விநாடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை. ரோடு மோசமாக இருந்தால் ஒரே கிலோமீட்டரில் தண்டு ஆயிரம் முறை மேலும் கீழும் போய் வரும். அந்த ரப்பர் சீல் எத்தனை வருஷம் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது நான் வழுக்கிய கதைக்கு வாருங்கள். டயர் ரோட்டைப் பிடிப்பது அதன் மேல் அழுத்தும் பாரத்தினால். சக்கரம் துள்ளி எழும்பும் அந்தக் கணத்தில் பாரம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. காற்றில் நிற்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து என்ன பயன்? நல்ல ஸ்ட்ரட் சக்கரத்தை உடனே தரைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தும். செத்த ஸ்ட்ரட் அதைப் பந்து மாதிரித் துள்ள விடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். துள்ளும் சக்கரம் அதையும் குழப்பும், வண்டி நிற்கும் தூரம் கூடும். அதனால் நான் என் மாணவர்களிடம் ஸ்ட்ரட்டைப் பிரேக்கோடு சேர்த்துத்தான் எண்ணச் சொல்வேன். சொகுசு என்பது அது போகிற போக்கில் செய்கிற உதவி.

இந்த ஸ்ட்ரட் நம் ஊருக்கு எப்படி வந்தது? ஏர்ல் மெக்ஃபெர்சன் என்று ஒரு அமெரிக்கப் பொறியாளர், 1891இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் செவர்லே கேடட் என்ற சின்ன, மலிவான கார் ஒன்றை வடிவமைத்தார். சின்னக் காரில் இடமும் குறைவு, செலவும் குறைய வேண்டும். அதுவரை பல கார்களில் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே ஸ்பிரிங், தனியே ஷாக் அப்சார்பர் என்று இருந்தது. அவர் மேல் கையையே எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பரைக் கெட்டியான தூணாக்கி, அதைச் சுற்றி ஸ்பிரிங்கை மாட்டி, தூணின் அடியைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் தலையைக் காரின் உடம்போடும் பூட்டினார். சக்கரத்தை நேராக நிறுத்துகிற வேலையையும் அந்தத் தூணுக்கே கொடுத்தார். கம்பெனி அந்தக் காரைக் கைவிட்டது. அவர் 1947இல் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் பிரிட்டனில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் அவருடைய ஸ்ட்ரட் இருந்தது. பிறகு உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழிக்கு வந்துவிட்டன.

நமக்கு அப்போது அம்பாசடர், பத்மினி. அம்பாசடரின் முன்பக்கம் முறுக்கிக் கொடுக்கும் இரும்புத் தண்டு, டார்ஷன் பார். பத்மினியில் மேலும் கீழும் இரண்டு கைகள், நடுவே சுருள் ஸ்பிரிங். இரண்டிலும் ஷாக் அப்சார்பர் போனால் அதை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம், ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அம்பாசடரில் கை தேறிய மேஸ்திரிகளுக்கு இதன் லட்சணம் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோதும், அடுத்த வருஷம் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தபோதும், ஸ்ட்ரட் இல்லாத சின்னக் காரைத் தேடத்தான் வேண்டியிருந்தது. மாற்றம் இதுதான்: ஷாக் அப்சார்பர் போனால் இனி ஸ்பிரிங்கையும் கையில் எடுத்தாக வேண்டும். பாரம் சுமந்து அமுங்கி நிற்கும் ஸ்பிரிங். அதன் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் நம் பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1976இல் கட்டிய பாலம், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கிறது. இத்தனை நீளத்தை ஒரே பலகையாகப் போட முடியாது. வெயிலில் கான்கிரீட் நீளும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கண், 30 டிகிரி சூடு கூடினால் சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டுத்தான் கண்ணுக்குக் கண் இடைவெளி வைத்து, அதன் மேல் இணைப்பு போடுகிறார்கள். தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே பேரிங் வைக்கிறார்கள். தளம் கொஞ்சம் நகரவும் சாயவும் அது இடம் கொடுக்கும், பாரத்தைத் தூணுக்கு இறக்கும். வருஷங்கள் போகப் போக இணைப்புகள் தேய்ந்தன, இடைவெளிகள் வாயைப் பிளந்தன. சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போய் வந்த ஒவ்வொரு காரும் போக ஒருமுறை, வர ஒருமுறை அத்தனை வெடிப்புகளிலும் அடி வாங்கியது. 2022 செப்டம்பரில் நெடுஞ்சாலைத் துறை பாலத்தைப் பழுதுபார்க்க மூடியது. கார்களும் பேருந்துகளும் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மலைக்கோட்டைக் கடைத்தெரு வியாபாரிகளும் பட்ட பாடு கொஞ்சமா? 2023 மார்ச்சில் பாலம் திறந்தது. இணைப்புகளையும் பேரிங்குகளையும் மாற்றியிருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? ஸ்ட்ரட்டின் தலையிலும் ஒரு பேரிங் இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் முழுதாகத் திரும்புகின்றன, மேலே காரின் உடம்பு அசையாமல் நிற்கிறது. நடுவே அந்த பேரிங்கும், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டிங்கும். அது தேய்ந்தால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது ஸ்பிரிங் சிக்கி, பிறகு "டங்" என்று விடுபடும். ஸ்ட்ரட் மாற்ற வருகிறவர்கள் பலரும் "மவுண்டிங் நல்லாத்தான் இருக்கு, பழசே போடுங்க" என்கிறார்கள். பாலத்தை மாதக்கணக்கில் மூடிவிட்டு, மேலே இணைப்பை மட்டும் மாற்றி, அடியில் பழைய பேரிங்கையே விட்டிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? ஒருமுறை கழற்றினால் மவுண்டிங், பேரிங், உள்ளே தண்டில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப்பர், தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். கிழிந்த உறையை அப்படியே விட்டால், அந்த வழியாக மணல் புகுந்து புது சீலையும் அறுத்துவிடும்.

ஸ்ட்ரட் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டயர் அருகே குனிந்து ஸ்ட்ரட்டைப் பாருங்கள். எண்ணெய் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்புச் சேறாகப் படிந்திருந்தால் கதை முடிந்தது. லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். டயர் மேல் உள்ளங்கையால் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளி ஓடியிருக்கிறது. பிரேக் போட்டால் மூக்கு குப்புறக் கவிழ்வதும், நெடுஞ்சாலையில் வண்டி படகு மாதிரி மிதப்பதும் அடையாளங்கள். பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை நம்பி மட்டும் முடிவு செய்யாதீர்கள். முழுக்கச் செத்த ஸ்ட்ரட்டைத்தான் அது பிடிக்கும், பாதி செத்ததைப் பிடிக்காது.

வாடகைக் கார் ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று. சின்னச் சின்னக் குழியில் "கடகட" என்று சத்தம் வந்தால் உடனே ஸ்ட்ரட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். லிங்க் ராடு என்று விரல் கனத்தில் ஒரு கம்பி இருக்கிறது, இரண்டு முனையிலும் சின்ன பால் ஜாயிண்ட். பெரும்பாலும் சத்தம் அங்கிருந்துதான் வரும், விலையும் குறைவு. லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கள். இதையெல்லாம் பார்க்காமல் ஸ்ட்ரட் மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் பணிவாக, "அண்ணே, லிங்க் ராடைப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இனி மாற்றும் வேலை. சமதளம் வேண்டும். சித்திரைத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருப்பார்கள் என்று தெரியும் உங்களுக்கு. அதே கவனத்தோடு பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று இளக்கிவிட்டுப் பிறகு ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். செங்கல் அடுக்குவது, சிமெண்டுக் கல் வைப்பது எல்லாம் வேண்டாம். பாரம் ஏறினால் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றினால் ஸ்ட்ரட் முழுதாகத் தெரியும். பிரேக் ஹோஸ் அதில் மாட்டியிருக்கும், ஏ.பி.எஸ். ஒயரும் இருக்கும். இரண்டையும் விடுவியுங்கள். லிங்க் ராடைக் கழற்றுங்கள். கீழே நக்கிளோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள், துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கழற்றும் முன் போல்ட் தலை எந்த நிலையில் இருக்கிறது என்று பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில கார்களில் மேல் போல்ட்தான் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கிறது. போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், ஆக்சிலின் உள் ஜாயிண்ட் கழன்று விலகும், அரை நாள் வேலை இரண்டு நாளாகும்.

பிறகு பானெட்டைத் திறந்தால், ஸ்ட்ரட்டின் தலையில் பெரும்பாலும் மூன்று சின்ன நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. தம்பிகளே, இதை நன்றாகக் கேளுங்கள். ஓரத்து நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். நடு நட்டைத் தொடக்கூடாது. சின்னக் காரிலேயே முன்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் 250, 300 கிலோ உட்காருகிறது. அந்தப் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங்கை உள்ளே அமுக்கிப் பிடித்திருப்பது அந்த ஒரே நட்டு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியைப் போடாமல் அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் ஒரே பக்கமாக மாட்டியிருந்தார் அந்த அண்ணன். ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்தது, ஒரு கொக்கி நழுவியது. மவுண்டிங் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் தலை ஒரு சாண் தள்ளி இருந்தது. அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவர் வேலைக்கு வரவில்லை. வந்த பிறகும் ஸ்பிரிங் வேலை என்றால் கை நடுங்கும்.

ஆகவே கம்ப்ரஸரின் கொக்கிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருக்கட்டும். முடிந்த அளவு அதிகச் சுற்றுகளைப் பிடிக்கட்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிக் கையால் இறுக்குங்கள், ஏர் கன் வேண்டாம். ஸ்பிரிங்கின் தலை உங்கள் பக்கமும் பார்க்கக்கூடாது, பக்கத்தில் நிற்கிறவர் பக்கமும் பார்க்கக்கூடாது. ஸ்பிரிங் அதன் தட்டில் தளர்ந்து ஆடுகிறது என்று தெரிந்த பிறகுதான் நடு நட்டு. கம்ப்ரஸரின் மரை தேய்ந்திருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். இதில் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போய் இந்த ஒரு கட்டத்தை மட்டும் செய்து வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

பிரித்ததும் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே துணி விரித்து அடுக்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து மூன்று நான்கு முறை முழுதாக அமுக்கி இழுத்து, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுங்கள். கிடத்தி வைத்து மாதக்கணக்கில் கடையில் இருந்திருக்கும். தண்டு சுற்றுகிறது என்று கட்டிங் பிளேயரால் பளபளப்பான பகுதியைப் பிடிக்காதீர்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அரம் மாதிரி ராவும். ஸ்பிரிங்கின் நுனி கீழ்த் தட்டில் இருக்கும் படியில் சரியாக உட்கார வேண்டும். நடு நட்டை இறுக்கிய பிறகே கம்ப்ரஸரை இளக்க வேண்டும், அதையும் மாறி மாறித்தான். பழைய நைலான் நட்டை மறுபடி போடாதீர்கள். நக்கிள் போல்ட்டுகளுக்குக் கம்பெனி கையேட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறதோ அதை டார்க் ரென்ச்சில் வைத்து இறுக்குங்கள். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை இளக்கியிருந்தால், வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகு கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். மாற்றாதீர்கள். ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் தேய்ந்த செருப்பும் போட்டு ஓடுகிற மாதிரி ஆகும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் மாற்றி முடித்ததும் நேரே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் தப்பினாலும் புது டயர் சில மாதத்தில் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும்.

எனக்குப் பெரும் வருத்தம் தருகிற இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, கசியும் ஸ்ட்ரட்டில் ஓட்டை போட்டு, கிடைத்த எண்ணெயை ஊற்றி, ஓட்டையை வெல்டிங் வைத்து மூடித் திருப்பித் தருவது. உள்ளே வாயு போயிருக்கும், சீல் பழசு, வெல்டிங் சூட்டில் எண்ணெயும் கருகியிருக்கும். முதல் வாரம் இறுக்கமாக இருக்கும், வாங்கியவர் சந்தோஷப்படுவார். அடுத்த மழையில் அது அவரைக் கைவிடும். இன்னொன்று, அடி இடிக்கிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது. வண்டி கொஞ்சம் உயரும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கின் அந்தச் சுற்றுகள் வேலை செய்யாமல் போய், மற்றச் சுற்றுகள் மேல் பாரம் கூடும். கெட்டியான ஸ்பிரிங்கை அடக்கப் பழைய ஸ்ட்ரட் போதாது. காசைச் சேர்த்து வைத்து நல்ல ஸ்ட்ரட் வாங்குங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

குற்றம் முழுக்கக் கார்க்காரர்கள் பேரிலும் இல்லை. வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு அளவு வகுத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வளைவு. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் அதன் மேல் அலை மாதிரி ஏறி இறங்கும். நம் தெருக்களில் அவரவர் வீட்டு முன் போட்டுக்கொள்வது ஒரு முழ அகலத்தில் மதில் மாதிரி நிற்கிறது. பாதாளச் சாக்கடைக்கு வெட்டிய பள்ளத்தை மூடி, மேலே தார் போடாமல் விட்டால் முதல் மழையில் மண் இறங்கி நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஆகிறது. பாலத்துக்கு நடந்த மாதிரி இதற்கும் நடக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும், வார்டு கூட்டத்திலும் கேட்க வேண்டும், எழுதியும் கேட்க வேண்டும். அது வருகிற வரை உங்கள் முன்சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கப் போவது இந்த இரண்டு தூண்கள்தான்.

என் காருக்கு இரண்டு பக்கமும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து முடித்த அன்று சாயங்காலமே மனைவியை ஏற்றிக்கொண்டு அண்ணா சிலையைச் சுற்றிப் பாலத்தில் ஏறினேன். அப்போதும் இணைப்புகள் பிளந்துதான் கிடந்தன. முதல் வெடிப்பில் "டுப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாம்பழச்சாலை வரை இரண்டு பேரும் பேசவில்லை, சத்தத்தை எண்ணிக்கொண்டே போனோம். இறங்கும்போது அவள், "அந்தக் குழந்தை எந்த ஸ்கூல்ல படிக்குதோ" என்றாள்.

பேச்சு போதும். மேசைக்கு வாருங்கள். பழைய ஸ்ட்ரட்டின் தண்டை உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள், பாதி தூரம் ஒன்றுமே இல்லாதது மாதிரி இறங்கும். புதிதை அமுக்கினால் கை வலிக்கும், விட்டதும் தானே மெதுவாக எழுந்து நிற்கும். தரையில் நிமிர்த்தி வைத்துத்தான் அமுக்க வேண்டும், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முன்வரிசையில் நீல சட்டை போட்ட தம்பி, நீ முதலில் வா. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் அமுக்கி, எது எது என்று சொல்.